தேசிய நாளிதழ், பெருநகர நாளிதழ், வட்டார நாளிதழ்: இந்திய வாசகர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இந்தியாவில் வெளியாகும் நாளிதழ்களைத் தேசியம், பெருநகரம், வட்டாரம் என்று மூன்றாகப் பிரித்துப் பேசுவது இதழியல் வகுப்புகளிலும் விளம்பர நிறுவனங்களிலும் நெடுநாள் வழக்கம். மாவட்டப் பதிப்பு ஒன்றின் செய்திப் பிரிவில் பல ஆண்டுகள் உதவி ஆசிரியராக இருந்தவன் என்ற முறையில், மாணவர்களும் வாசகர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளுக்கு இங்கே விடை எழுதியிருக்கிறேன்.

எந்த நாளிதழைத் தேசிய நாளிதழ் என்று சொல்லலாம்? அதற்குச் சட்டத்தில் விளக்கம் உண்டா?

சட்டத்தில் அப்படி ஒரு வகையே கிடையாது. இதழ் தொடங்குகிறவர் அதன் தலைப்பு, மொழி, எத்தனை நாளுக்கு ஒருமுறை வரும், எங்கிருந்து வரும் என்பவற்றைப் பதிவு செய்கிறார். 1867ஆம் ஆண்டின் சட்டத்தின் கீழ் ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாக நடந்துவந்த இந்தப் பதிவு, 2024 மார்ச் முதல் புதிய சட்டத்தின் கீழ் நடக்கிறது. மத்திய அரசு விளம்பரம் தருவதற்குப் பார்ப்பது விற்பனை எண்ணிக்கையை: 25,000 படிகள் வரை விற்றால் சிறிய இதழ், 75,000 வரை நடுத்தர இதழ், அதற்கு மேல் பெரிய இதழ். இந்தக் கணக்கில் 'தேசிய' என்ற சொல்லுக்கு வேலையில்லை.

ஆனால் வழக்கில் ஒரு பொருள் நிலைத்துவிட்டது. டெல்லி அரசியல், உச்ச நீதிமன்றம், வெளியுறவு, பங்குச் சந்தை ஆகியவற்றுக்கு முதல் பக்கத்தைக் கொடுத்து, பல மாநிலங்களின் நகரங்களில் அச்சாகும் ஆங்கில நாளிதழையே நாம் தேசிய நாளிதழ் என்கிறோம். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட 'தி இந்து' தன்னை 'இந்தியாவின் தேசிய நாளிதழ்' என்றே அழைத்துக்கொள்கிறது. 2011ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், 121 கோடிப் பேரில் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் ஏறத்தாழ 2.6 லட்சம் பேர்தான். அதைக் கற்று அறிந்தவர்கள் பல கோடி இருந்தாலும், காலையில் அந்த மொழியில் நாளிதழ் படிப்பவர்கள் அவர்களிலும் ஒரு பகுதியினரே. ஆகவே இங்கே 'தேசிய' என்பது பரப்பளவைவிட வாசகரையே அதிகம் குறிக்கிறது. அதிகாரிகள், வழக்கறிஞர்கள், பேராசிரியர்கள், அரசுத் தேர்வுக்குப் படிக்கும் இளைஞர்கள் ஆகியோர் எந்த மாநிலத்தில் இருந்தாலும் ஒரே நாளில் ஒரே தலையங்கத்தைப் படிக்கிறார்கள் என்பதுதான் அந்த இதழின் தேசியத்தன்மை.

பிரிட்டனில் லண்டனில் அச்சான நாளிதழ் விடிவதற்குள் நாடெங்கும் போய்ச் சேர்ந்ததே, இங்கே ஏன் அப்படி நடக்கவில்லை?

லண்டனில் நள்ளிரவில் கட்டிய நாளிதழ்க் கட்டு இரவு ரயிலில் ஏறி, விடிவதற்குள் நாட்டின் பெரும்பகுதியை எட்டிவிட முடிந்தது. சென்னைக்கும் டெல்லிக்கும் இடையே இருப்புப்பாதைத் தொலைவு சுமார் 2,200 கிலோமீட்டர். ரயிலில் அனுப்பினால் இன்றைய நாளிதழ் நாளை மறுநாள்தான் படிக்கக் கிடைக்கும். தொலைவைத் தாண்டினாலும் அடுத்து மொழி நிற்கிறது. அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையில் மட்டும் 22 மொழிகள் உள்ளன.

தொலைவை வெல்ல நாளிதழ்கள் செய்த முயற்சிகள் அருமையானவை. 'தி இந்து' 1960களில் சொந்த விமானங்களை வைத்து நாளிதழ்க் கட்டுகளை வெளியூர்களுக்கு அனுப்பியது. 1969இல் சென்னையில் உருவாக்கிய பக்கங்களை நகல் அனுப்பும் கருவி வழியாகக் கோயம்புத்தூருக்கு அனுப்பி, அங்கேயே அச்சிடத் தொடங்கியது. பின்னர் செயற்கைக்கோள் வந்தது. இப்போது இணைய இணைப்பு வழியாகப் பக்கம் சில நொடிகளில் போய்விடுகிறது. பக்கம் எவ்வளவு விரைவாகப் போனாலும், தாளில் மை படிய ஓர் அச்சகமும் அங்கே ஆட்களும் வேண்டும் என்பதை 2015 டிசம்பர் வெள்ளம் காட்டியது. மறைமலை நகரில் உள்ள அச்சகத்துக்குத் தொழிலாளர்களால் போய்ச் சேர முடியாததால், 1878இல் தொடங்கிய அந்த நாளிதழின் சென்னைப் பதிப்பு டிசம்பர் 2ஆம் தேதி வெளிவரவில்லை. எழுத ஆள் இருந்தார்கள், பக்கமும் தயாராகியிருக்கும். ஏறத்தாழ 50 கிலோமீட்டர் சாலைதான் இல்லாமல் போயிற்று.

பெருநகர நாளிதழ் என்பது எது?

இந்தியாவில் நாளிதழ்கள் முதலில் தோன்றியதே துறைமுக நகரங்களில்தான். 1780 ஜனவரி 29இல் கல்கத்தாவில் ஜேம்ஸ் அகஸ்டஸ் ஹிக்கி தொடங்கிய வார இதழே நாட்டின் முதல் அச்சுச் செய்தித்தாள். அன்றைய கவர்னர் ஜெனரல் வாரன் ஹேஸ்டிங்ஸைக் கடுமையாக விமர்சித்ததால் இரண்டே ஆண்டுகளில் அவருடைய அச்செழுத்துகள் பறிமுதல் செய்யப்பட்டன. 1785இல் சென்னையில் 'மெட்ராஸ் கூரியர்' வந்தது. கப்பல் வரும் நாள், ஏலத்துக்கு வரும் சரக்கு, ஆளுநர் மாளிகை விருந்து, புதிதாக வந்து இறங்கியவர்களின் பெயர் ஆகியவையே அந்தக் காலத்து நகர இதழ்களின் செய்தி. இன்றைய 'டைம்ஸ் ஆஃப் இந்தியா'வும் 1838இல் பம்பாய் வணிகர்களுக்கான இதழாகப் பம்பாயின் பெயரைத் தாங்கித்தான் பிறந்தது. 1861இல்தான் இந்தியாவின் பெயரைச் சூடிக்கொண்டது. கல்கத்தாவின் 'ஸ்டேட்ஸ்மன்' பிறந்தது 1875இல்.

இன்று பெருநகர நாளிதழ் என்பது பெரும்பாலும் தேசிய இதழுக்குள்ளேயே தங்கியிருக்கும் ஓர் அடுக்கு. முதல் பக்கம் டெல்லியைப் பேசும். மூன்றாம், நான்காம் பக்கங்கள் மெட்ரோ ரயில் பணி, மழைநீர் வடிகால், மாநகராட்சி மன்றம், உயர் நீதிமன்றம் என்று நகரைப் பேசும். நகரின் பெயராலேயே தனி இணைப்பும் வரும். மாலை நாளிதழ்கள் மட்டுமே நகருக்கென்று முழுமையாக எழுதின எனலாம். பகல் நேர நீதிமன்றத் தீர்ப்பும் சட்டமன்ற நிகழ்வும் அன்று மாலையே தாளில் கிடைத்த காலத்தில் 'மாலை முரசு', 'மாலை மலர்' ஆகியவை பேருந்து நிறுத்தங்களில் கைமாறிக் கைமாறிப் படிக்கப்பட்டன. தொலைக்காட்சிச் செய்தி அலைவரிசைகளும் பின்னர் கைபேசியும் முதலில் பறித்தது இந்த மாலை நேரத்தைத்தான்.

தமிழ், தெலுங்கு, இந்தி நாளிதழ்களை 'வட்டார இதழ்கள்' என்பது சரியா?

சரியில்லை என்பதே என் கருத்து. அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒரு வரலாறு இருப்பதால் இதற்குச் சற்று விரிவாகவே விடை சொல்ல வேண்டும்.

வயதை எடுத்துக்கொண்டால், 1822இல் ஃபர்துன்ஜி மர்ஸ்பான் தொடங்கிய குஜராத்தி இதழான 'மும்பை சமாசார்', 'டைம்ஸ் ஆஃப் இந்தியா'வுக்கு 16 ஆண்டுகள் மூத்தது, இன்றும் வெளிவருகிறது. முதல் இந்தி இதழான 'உதந்த் மார்த்தாண்ட்' 1826 மே 30இல் வெளியானது. அதுவும் இந்தி பேசும் நிலத்தில் அல்ல, கல்கத்தாவில். பரப்பை எடுத்துக்கொண்டால், ஜெய்ப்பூரில் 1956இல் தொடங்கிய 'ராஜஸ்தான் பத்திரிகா'வுக்குச் சென்னையிலும் பதிப்பு உண்டு. 'மலையாள மனோரமா'வும் 'மாத்ருபூமி'யும் சென்னை மலையாளிகளுக்காக இங்கே அச்சாகின்றன. 'தினத்தந்தி' பெங்களூரிலும் மும்பையிலும் கிடைக்கிறது. மொழி பேசுகிறவர்கள் பிழைக்கப் போன ஊர்களுக்கெல்லாம் போகும் இதழை ஒரு வட்டாரத்துக்குள் அடைக்க முடியாது.

1878 மார்ச்சில் லிட்டன் பிரபு கொண்டுவந்த தாய்மொழி இதழ்ச் சட்டம், இந்திய மொழி இதழ்களை மட்டும் தனியாகப் பிரித்து அடக்கியது. ஆங்கில இதழ்களுக்கு அது பொருந்தாது. அதுவரை வங்காள மொழியை முதன்மையாகக் கொண்டிருந்த 'அம்ரித பஜார் பத்திரிகா', சட்டத்தின் பிடியிலிருந்து தப்ப முழு ஆங்கில இதழாக மாறிக்கொண்டது. சட்டம் பின்னர் ரிப்பன் பிரபுவின் காலத்தில் நீக்கப்பட்டது. ஆனால் ஆங்கிலத்தில் எழுதினால் பொது விவாதம், நாட்டு மொழியில் எழுதினால் கிளர்ச்சி என்று அது வகுத்த பிரிவு மனத்தில் தங்கிவிட்டது. 'வட்டார இதழ்' என்று யாராவது அலட்சியமாகச் சொல்லும்போதெல்லாம் எனக்கு அந்தச் சட்டம்தான் நினைவுக்கு வருகிறது.

அந்தப் பிரிவை ஒப்புக்கொள்ளாத ஒருவர் அப்போதே இருந்தார் என்பது நமக்குப் பெருமை. 1878 செப்டம்பர் 20இல், ஒரு ரூபாய் பன்னிரண்டு அணா கடன் வாங்கி 80 படிகள் அச்சிட்டு 'தி இந்து'வைத் தொடங்கிய ஆறு இளைஞர்களில் ஜி. சுப்பிரமணிய ஐயரும் ஒருவர். நான்கே ஆண்டுகளில், 1882இல், அவரே 'சுதேசமித்திரன்' என்ற தமிழ் இதழையும் தொடங்கினார். ஆங்கிலம் அறிந்தவர்களிடம் மட்டும் நாட்டு நிலையைப் பேசினால் போதாது என்று அவர் கருதியதன் விளைவு அது. 1898இல் 'தி இந்து'வை விட்டு விலகிய அவர் தமிழ் இதழையே முழுமூச்சாக நடத்தினார். அது 1899இல் நாளிதழாயிற்று. 1904இல் பாரதியார் உதவி ஆசிரியராகச் சேர்ந்தது இந்த இதழில்தான். வெளிநாட்டுத் தந்திச் செய்திகளை உட்கார்ந்து தமிழாக்கும் பணி பாரதியின் உரைநடையைக் கூர்மையாக்கியது என்று நான் நம்புகிறேன். மொழிபெயர்ப்பு மேசையில் உட்கார்ந்தவர்களுக்கு அந்தப் பயிற்சியின் அருமை தெரியும்.

தமிழ் நாளிதழ்கள் எந்தப் பிரிவில் வரும்?

ஒரே பிரிவில் வராது. ஒவ்வொன்றும் வெவ்வேறு வாசகரை எண்ணித் தொடங்கப்பட்டது. 1934இல் டி. எஸ். சொக்கலிங்கத்தை ஆசிரியராகக் கொண்டு பிறந்த 'தினமணி' விடுதலைப் போராட்டத்தின் இதழ். தேசிய அரசியலைத் தமிழில் விவாதிப்பதே அதன் நோக்கம். சி. பா. ஆதித்தனார் 1942இல் மதுரையில் 'தினத்தந்தி'யைத் தொடங்கியபோது மனத்தில் வைத்தது எழுத்துக் கூட்டிப் படிப்பவரை. சிறிய வாக்கியம், பேச்சுக்கு நெருங்கிய சொல், பெரிய தலைப்பு, படம் ஆகியவற்றால் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தவர்களையும் அது வாசகராக்கியது. ஒருவர் உரக்கப் படிக்க நான்கு பேர் கேட்ட காலத்தில் ஒரு படிக்கு ஐந்து வாசகர்கள் என்றுதான் கணக்கிட வேண்டும். தமிழ்நாட்டில் நாளிதழ் படிக்கும் பழக்கம் படித்தவர் வீட்டுத் திண்ணையிலிருந்து தெருவுக்கு இறங்கியதில் இந்த நடைக்குப் பெரும் பங்கு உண்டு.

'தினமலர்' பிறந்த இடம் பலருக்கு வியப்பளிக்கும். டி. வி. இராமசுப்பையர் அதை 1951இல் தொடங்கியது திருவனந்தபுரத்தில். திருவிதாங்கூர்–கொச்சி அரசின் கீழ் இருந்த தமிழ்ப் பகுதிகள் தமிழகத்தோடு இணைய வேண்டும் என்ற போராட்டம் நடந்த காலம் அது. 1956 நவம்பர் 1இல் கன்னியாகுமரி மாவட்டம் இணைந்தது. மறு ஆண்டே இதழும் திருநெல்வேலிக்கு இடம்பெயர்ந்தது. ஒரு வட்டாரத்தின் எல்லைச் சிக்கலே ஒரு நாளிதழைப் பெற்றெடுத்ததற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை. 1977இல் கே. பி. கந்தசாமி தொடங்கிய 'தினகரன்', 2013இல் வந்த 'தி இந்து'வின் தமிழ் நாளிதழ் ஆகியவை அடுத்த தலைமுறைகளைச் சேர்ந்தவை.

மாவட்டப் பதிப்பு எப்படித் தயாராகிறது?

ஆந்திரத்தில் ராமோஜி ராவ் 1974 ஆகஸ்டில் 'ஈநாடு' என்ற தெலுங்கு நாளிதழை ஹைதராபாத்தில் தொடங்காமல் விசாகப்பட்டினத்தில் தொடங்கினார். பெரிய நாளிதழ்கள் நண்பகலில்தான் வந்து சேரும் ஊர்களுக்கு விடியற்காலையில் நாளிதழ் போய்ச் சேர வேண்டும் என்பதே திட்டம். பின்னர் ஒவ்வொரு மாவட்டத்துக்கும் அரை அளவுத் தாளில் தனி இணைப்பு கொடுத்தது. மண்டல் (மாவட்டத்துக்குள் உள்ள சிறு நிர்வாகப் பிரிவு) அளவில் செய்தியாளர்களை அமர்த்தி, ஊராட்சிக் கூட்டத்தையும் கோயில் திருவிழாவையும் பருத்தி விலையையும் அச்சில் கொண்டுவந்தது. பல மொழி நாளிதழ்கள் பின்னர் இந்த வழியையே பின்பற்றின.

அந்த வேலையின் உள்ளே நடப்பதைச் சொல்கிறேன். நாளிதழில் எல்லாப் பக்கமும் ஒரே நேரத்தில் முடிவதில்லை. அச்சகத்திலிருந்து தொலைவில் உள்ள வட்டங்களுக்கான பதிப்பு முதலில் முடியும். அதற்குப் பழைய பெயர் டாக் எடிஷன், அதாவது தபால் பதிப்பு. நான் இருந்த அலுவலகத்தில் அது இரவு பத்து மணிக்குள் மூடப்படும். நகரப் பதிப்பு ஒன்றரை மணி வரை திறந்திருக்கும். ஒருநாள் இரவு பத்தே முக்காலுக்கு, அறுபது கிலோமீட்டர் தள்ளி மலையடிவாரத்தில் இருக்கும் ஊரிலிருந்து எங்கள் பகுதிநேரச் செய்தியாளர் அழைத்தார். மலைப்பாதையில் வேன் கவிழ்ந்திருந்தது. மருத்துவமனை வாசலில் நின்றபடி பெயர்களை ஒவ்வொன்றாகச் சொன்னார்; அவர் குரலுக்குப் பின்னால் அழுகை கேட்டது. செய்தியை எழுதி நகரப் பதிப்பின் முதல் பக்கத்தில் வைத்தோம். ஆனால் அந்த ஊருக்கான பக்கத்துக்கு அதற்குள் தகடு எடுத்து, அச்சு ஓடி, கட்டுகள் வேனில் ஏறிவிட்டன. மறுநாள் காலை நகரத்தில் எல்லோரும் அந்த விபத்தைப் படித்தார்கள். விபத்து நடந்த ஊருக்குப் போன நாளிதழில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அங்கே அச்சில் வந்தது அதற்கு அடுத்த நாள்தான், உடல்கள் அடக்கமான பிறகு.

அந்தச் செய்தியாளருக்கு மாதச் சம்பளம் கிடையாது. வந்த செய்திக்கு இவ்வளவு என்று சிறு தொகையும், அவர் பிடித்துத் தரும் விளம்பரத்தில் ஒரு பங்கும் உண்டு. மாவட்டப் பக்கங்களின் பெரும்பகுதி இத்தகையவர்களின் உழைப்பில்தான் நிற்கிறது. எந்த ஊராட்சித் தலைவரைப் பற்றி எழுத வேண்டுமோ அவரிடமே பொங்கல் வாழ்த்து விளம்பரம் கேட்டுப் போகவேண்டிய நிலையில் ஒருவரை வைத்துவிட்டு, அவரிடம் துணிவை எதிர்பார்ப்பது நியாயமில்லை. அந்த நிலையிலும் துணிந்து எழுதியவர்கள் பலர் என்பதை நான் நேரில் அறிவேன்.

மாவட்டப் பதிப்புகளால் வாசகருக்கு இழப்பும் உண்டு என்கிறார்களே?

உண்டு. ஊர்ச் செய்தி அதிகமாகக் கிடைக்கிறது, ஆனால் அது ஊரைத் தாண்டுவதில்லை. ஆற்றின் மேல்பகுதி மாவட்டத்தில் மணல் அள்ளுவதை எதிர்த்து மக்கள் மறியல் செய்தால், அது அந்த மாவட்டப் பக்கத்தில் பெரிதாக வரும். அதே ஆற்றில் குடிநீர்க் கிணறு வற்றிக்கிடக்கும் கீழ்ப்பகுதி மாவட்டத்தில், அதே நாளிதழை வாங்குகிறவருக்கு அந்தச் செய்தி தெரியாது. முன்பு மாநிலம் முழுவதற்கும் ஒரே பதிப்பு வந்தபோது, மூன்று வரியாக இருந்தாலும் எல்லோரும் அதைப் படித்தார்கள்.

அந்தச் சுவரைத் தாண்டிய செய்தி என்ன செய்யும் என்பதற்கு நெல்லூர் மாவட்டத்தின் தூபகுண்டா சாட்சி. எழுத்தறிவு வகுப்புகளுக்கு வந்த பெண்கள் 1992இல் தங்கள் ஊரில் சாராய விற்பனையைத் தடுத்து நிறுத்தினார்கள். 'ஈநாடு' அதை நெல்லூர்ப் பக்கத்தோடு நிறுத்தாமல், சாராய எதிர்ப்புச் செய்திகளுக்கென்றே இடம் ஒதுக்கி மாநிலமெங்கும் தொடர்ந்து வெளியிட்டது. படித்த ஊர்களில் எல்லாம் பெண்கள் திரண்டார்கள். 1993இல் ஆந்திர அரசு சாராயத்தைத் தடை செய்தது. போராடியது பெண்கள்தான், நாளிதழ் இல்லை. ஆனால் ஓர் ஊரின் பெண்களுக்கு மற்றோர் ஊரின் பெண்கள் இருப்பதை அந்தப் பக்கங்கள் தெரியப்படுத்தின.

தாள், மை, கூலி எல்லாம் விலை ஏறியும் நாளிதழ் விலை குறைவாகவே இருப்பது எப்படி?

வாசகர் தரும் காசு தாள் செலவுக்கே போதாது. அதிலும் முகவருக்கும் வீட்டுக்குப் போடுகிறவருக்கும் கழிவு போகிறது. மீதியை விளம்பரம் ஈடுகட்டுகிறது. தேசிய இதழுக்குக் கார், வங்கி, அடுக்குமாடிக் குடியிருப்பு விளம்பரங்கள். மாவட்டப் பக்கத்துக்கு நகைக்கடை, ஜவுளிக்கடை, தனியார் கல்லூரி, நினைவு அஞ்சலி ஆகியவை. ஆடித் தள்ளுபடியும் தீபாவளியும் இல்லையென்றால் பல மாவட்டப் பதிப்புகள் நடக்காது. அரசு விளம்பரம் எல்லா வகை இதழ்களுக்கும் தேவைப்படுகிறது. அதை நிறுத்திவிடுவார்கள் என்ற அச்சம் சிறிய இதழ்களையே முதலில் வாட்டும்.

பெரிய இதழ்கள் விலையைக் குறைத்துச் சிறியவற்றை நசுக்கக் கூடாது என்று, பக்கத்துக்கு ஏற்ப விலை வைக்கும்படி 1956இல் ஒரு சட்டமும் 1960இல் ஓர் ஆணையும் வந்தன. புனேயின் மராத்தி நாளிதழான 'சகாள்' வழக்குத் தொடுத்தது. 1961இல் உச்ச நீதிமன்றம், பக்கத்தையும் விற்பனையையும் கட்டுப்படுத்துவது பேச்சுரிமையையே கட்டுப்படுத்துவதாகும் என்று அவற்றை ரத்து செய்தது. இதழியல் மாணவர்கள் இன்றும் முதலில் படிக்கும் தீர்ப்புகளில் ஒன்றை ஒரு மாநில மொழி நாளிதழ் பெற்றுத் தந்தது என்பதை நினைவில் வைக்க வேண்டும். 1972இல் பத்துப் பக்க வரம்பு விதித்த அச்சுத்தாள் கொள்கையும் நீதிமன்றத்தில் நிற்கவில்லை.

அச்சுத்தாளின் பெரும்பகுதி இறக்குமதி. 2019 பட்ஜெட்டில் அதற்குப் பத்து விழுக்காடு சுங்க வரி விதிக்கப்பட்டது. மறு ஆண்டு ஐந்து விழுக்காடாகக் குறைந்தது. கரூர் மாவட்டத்தில் கரும்புச் சக்கையிலிருந்து தாள் செய்யும் அரசு ஆலையை 1979இல் நிறுவியதன் நோக்கங்களில் ஒன்றே உள்நாட்டில் அச்சுத்தாள் கிடைக்கச் செய்வதுதான்.

எல்லை மாநிலங்களில் நிலை என்ன?

அங்கே பிரிவுகள் இன்னும் குழம்பும். 1881இல் லாகூரில் தயாள் சிங் மஜீதியா தொடங்கிய 'டிரிப்யூன்' பிரிவினையில் தன் நகரையே இழந்து, சிம்லா, அம்பாலா வழியாகச் சண்டிகருக்கு வந்து சேர்ந்தது. அது பஞ்சாப், ஹரியானா, இமாச்சலம் ஆகிய மூன்று மாநிலங்களுக்கும் ஊர் நாளிதழாக இருக்கிறது. அசாமில் 1939இல் தொடங்கிய 'அசாம் டிரிப்யூன்' ஆங்கிலத்தில் வந்தாலும் வட்டார நாளிதழே. ஐஸ்வாலில் மிசோ மொழியின் 'வங்லைனி' படிப்பவருக்கு டெல்லியிலிருந்து வரும் இதழ்தான் வெளியூர் இதழ்.

என் கையில் இருப்பது எந்தப் பதிப்பு என்று எப்படி அறிவது?

கடைசிப் பக்கத்தின் அடியிலோ உள்பக்கத்தின் மூலையிலோ மிகச் சிறிய எழுத்தில் ஒரு வரி இருக்கும். அச்சிட்டவர், வெளியிட்டவர், ஆசிரியர் ஆகியோரின் பெயர்களும் அச்சக முகவரியும் பதிவு எண்ணும் அதில் இருக்கும். செய்தியின் பொறுப்பு யாருடையது என்பதைச் சட்டம் அந்த வரியில்தான் தேடும். முதல் பக்கத்தில் நாளிதழின் பெயருக்கு அருகே பதிப்பு நகரத்தின் பெயரும் இருக்கும்.

பெரிய நிறுவனங்கள் இல்லாமல் ஊர் இதழ் நடத்த முடியுமா?

முடிந்திருக்கிறது. உத்தரப் பிரதேசத்தின் சித்ரகூட்டில் 2002இல் தொடங்கிய 'கபர் லஹரியா' கிராமத்துப் பெண்களே செய்தி சேகரித்து, எழுதி, ஊர் ஊராக எடுத்துச் சென்று விற்ற இதழ். தலித் பெண்கள் பலர் அதில் செய்தியாளர்கள். மொழி அவர்கள் வீட்டில் பேசும் புந்தேலி. 2009இல் யுனெஸ்கோவின் எழுத்தறிவு விருது அதற்குக் கிடைத்தது. பின்னர் அச்சை விட்டுக் காணொளிக்கு மாறியது. கைப்பம்பு பழுதாகி எத்தனை மாதம் ஆகிறது என்பதை முதன்மைச் செய்தியாக வைத்த அந்த இதழ், எது செய்தி என்ற கேள்விக்கே புதிய விடை சொன்னது.

கைபேசியில் செய்தி வந்த பிறகு இந்த மூன்று வகையில் எதற்குப் பாதிப்பு அதிகம்?

வருமானத்தைப் பொறுத்தவரை மூன்றுக்கும் பாதிப்பு. வாசகருக்கு ஏற்படும் இழப்பைப் பொறுத்தவரை மாவட்டப் பக்கத்துக்கே அதிகம் என்பது என் கணிப்பு. டெல்லிச் செய்தியை நூறு இடத்தில் படிக்கலாம். ஒரு பேரூராட்சி மன்றக் கூட்டத்தில் நடந்ததை எழுத அங்கே உட்கார்ந்திருப்பவர் ஒருவரோ இருவரோதான். 2020இன் பொதுமுடக்கத்தில் தாளைத் தொடவே மக்கள் அஞ்சியபோது பல நாளிதழ்கள் பக்கங்களையும் பதிப்புகளையும் குறைத்தன. மூடப்பட்டவை எல்லாம் திரும்பத் திறக்கப்படவில்லை. அந்த ஊர்களில் இப்போது வாட்ஸ்அப் குழுக்களில் செய்தி வருகிறது. அங்கே, கடைசிப் பக்கத்தின் அடியில் இருக்குமே, அந்தச் சிறிய வரி இல்லை.

ஒரே ஒரு நாளிதழ்தான் வாங்க முடியும் என்றால் எதை வாங்குவது?

உங்கள் மாவட்டப் பக்கம் எதில் நன்றாக வருகிறதோ அதை வாங்குங்கள். தேசிய நாளிதழை ஊர் நூலகத்தில் படியுங்கள். உங்கள் வட்டத்துச் செய்தி ஒன்றில் பெயரோ இடமோ தவறாக வந்தால் ஆசிரியருக்கு எழுதுங்கள். பிழையை வாசகர் கண்காணிக்கிறார் என்று தெரிந்தால் மேசையில் உட்கார்ந்தவர் இன்னொரு முறை சரிபார்ப்பார். பதில் வராவிட்டால் இந்தியப் பத்திரிகை மன்றத்துக்கு முறையிடலாம். தண்டிக்கும் அதிகாரம் அதற்கு இல்லை, கண்டிக்கும் அதிகாரம் உண்டு. முதலில் ஆசிரியருக்கு எழுதியிருக்க வேண்டும் என்பது அதன் நடைமுறை.

பழைய நாளிதழ்களை எங்கே பார்க்கலாம்?

1954இல் வந்து 1956இல் நாளிதழ்களுக்கும் விரிவாக்கப்பட்ட சட்டப்படி, கொல்கத்தாவின் தேசிய நூலகம், சென்னையின் கன்னிமாரா நூலகம், மும்பை, டெல்லி நூலகங்கள் ஆகிய நான்குக்கும் வெளியீட்டாளர்கள் படிகளை அனுப்ப வேண்டும். சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்திலும் பழைய தமிழ் இதழ்களின் தொகுப்பு உண்டு. மாவட்டப் பக்கங்களைத் தேடுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ஒரே தேதிக்குப் பல பதிப்புகள் வந்திருக்கும், ஆனால் கட்டிவைத்த தொகுதியில் பெரும்பாலும் ஒன்றுதான் இருக்கும். தேடும் செய்தி அதில் இல்லையென்றால், அந்தப் பதிப்பு வெளியான ஊரின் நாளிதழ் அலுவலகத்திலும், அந்த ஊர்க் கிளை நூலகத்திலும், பத்திரிகை சேர்த்துவைக்கும் பழக்கமுள்ள முகவர் வீட்டிலும் கேட்டுப் பாருங்கள். நான் மேலே சொன்ன மலைப்பாதை விபத்தின் நகரப் பதிப்பு எனக்குக் கடைசியில் கிடைத்தது, ஒரு முகவர் வீட்டுப் பரணில்தான்.